சினிமாவில் வரும் சுனாமி எவ்வளவு நிஜம்? (குறும்படத்துக்காகக் கேட்கிறேன்)

திரைக்குறிப்பு எழுதியது:

வணக்கம். 2004 டிசம்பர் 26 காலையை வைத்து 25 நிமிடக் குறும்படம் ஒன்றுக்கு வேலை நடக்கிறது. கதை நடக்கும் இடம் நாகப்பட்டினத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே ஒரு கற்பனைக் குப்பம். கலை இயக்குநர் வரைந்த காட்சிப் படத்தில் தென்னையைவிட மூன்று மடங்கு உயரமான நீல அலை, தலை வளைந்து, குடிசைகள்மேல் கவிழ்கிறது. ஒளிப்பதிவாளர் அதை ஏற்கவில்லை. அன்றைக்கு எடுத்த எந்த வீடியோவிலும் இப்படி ஓர் அலை இல்லை என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

1. அலை உண்மையில் எப்படித் தெரியும்? எவ்வளவு உயரம்?
2. கடல் முதலில் உள்வாங்குமா? எவ்வளவு நேரம்?
3. ஓடித் தப்பிக்க முடியுமா?
4. தண்ணீரில் சிக்கியவருக்கு என்ன ஆகும்?
5. அந்த நேரத்தில் கடலில் இருந்த படகுகள்?
6. குறைந்த செலவில் இதைப் படமாக்க வழி உண்டா?

---

அலைநீளம் எழுதியது:

ஒளிப்பதிவாளர் சொல்வதுதான் சரி. கலை இயக்குநர் வரைந்திருப்பது காற்று எழுப்பும் அலை. அதன் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி 10 வினாடி, 15 வினாடி. அதனால்தான் முதுகும் முகமும் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன, தலை வளைகிறது, உடைந்து முடிகிறது. சுனாமியில் அந்த இடைவெளி 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். எல்லா வித்தியாசமும் இதிலிருந்துதான் வருகிறது.

கணக்கு எளிது. சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது: ஆழத்தை (மீட்டரில்) 9.8 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 710 கி.மீ. 100 மீட்டர் ஆழத்தில் 113 கி.மீ. 10 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 36 கி.மீ. தான். முன்பகுதி வேகம் குறைய, பின்னால் வருவது இன்னும் வேகமாக வந்து நெருக்குவதால் உயரம் கூடுகிறது. அப்போதும் 20 நிமிட இடைவெளியுள்ள அலையின் நீளம் 10 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட 12 கி.மீ. எந்த லென்ஸ் போட்டாலும் அந்த அலையின் பின்பக்கம் உங்கள் சட்டகத்துக்குள் வராது. நீங்கள் காட்ட முடிவதெல்லாம் அதன் முன்விளிம்பும், அதற்குப் பின்னால் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும் கடலும்தான்.

2004 இல் நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரம் கழித்து ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே போனபோது பதிவான உயரம் சுமார் 60 செ.மீ. அந்த 60 செ.மீ. நூற்றுக்கணக்கான கி.மீ. நீளத்துக்குப் பரவியிருந்தது. தமிழகக் கரையில் அது பெரும்பாலான இடங்களில் இரண்டரை முதல் ஐந்து மீட்டர் வரை ஏறியது. அதாவது கூரை மட்டம், மிஞ்சினால் ஒரு மாடி. தென்னையின் பாதி உயரம்கூட இல்லை. அந்த உயரத்துக்கே நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். படத்தில் 30 மீட்டர் அலையைக் காட்டினால், ஐந்து மீட்டர் அலை ஆபத்தில்லாதது என்ற நினைப்பு பார்ப்பவர் மனதில் விழுந்துவிடும். எனக்கு இதுதான் பெரிய குறையாகத் தெரிகிறது.

உயரம் குறைவாக இருந்தும் ஏன் இவ்வளவு அழிவு என்பதற்கு இன்னொரு கணக்கு. நான்கு மீட்டர் உயரமுள்ள காற்றலை ஒன்று, கரையின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் ஏறக்குறைய 100 கன மீட்டர் தண்ணீரைக் கொண்டுவரும். அதே நான்கு மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஐந்து நிமிடம் சுனாமி உள்ளே ஓடினால் 6,000 கன மீட்டர். உயரம் ஒன்றுதான், தண்ணீர் அறுபது மடங்கு.

செய்திகளில் வரும் "40 மீட்டர் சுனாமி" என்பதைச் சுவர்போல் நின்ற 40 மீட்டர் அலை என்று புரிந்துகொள்ள வேண்டாம். 2011 இல் ஜப்பானின் மியாகோ பகுதியில் குறுகிய பள்ளத்தாக்கு ஒன்றில் தண்ணீர் ஏறித் தொட்ட நிலத்தின் உயரம் அது. திறந்த சமவெளியில் அதே சுனாமி உயரத்தில் குறைந்து தூரத்தில் நீண்டது. செண்டாய் சமவெளியில் 5 கி.மீ. வரை உள்ளே போனது. நாகைக் கரையும் சமவெளிதான். அங்கே பல நூறு மீட்டர் உள்ளே வந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தூரத்தில் கிடைமட்டமாக ஒரு வெள்ளைக் கோடு. கரை நெருங்கும்போது அது நுரைத்துப் புரளும் முன்விளிம்பாகும். சில இடங்களில் அதுவும் இருக்காது. ஏற்றம் நிற்க மறந்ததுபோல் கடல் அப்படியே மேலே வந்துகொண்டிருக்கும். நிறம் நீலமில்லை. அடிமணலையும் சேற்றையும் வாரிக்கொண்டு வருவதால் பழுப்பு, ஊருக்குள் நுழைந்ததும் கறுப்பு. வானிலையையும் கவனியுங்கள். பேரிடர்ப் படங்களில் கருமேகமும் சூறாவளிக் காற்றும் கூடவே வரும். சுனாமிக்கும் வானத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அன்றைக்கு மார்கழி ஞாயிறு, பௌர்ணமி, வெளுத்த காலை. அந்த வெளிச்சத்தை மாற்றாதீர்கள்.

---

வங்கக்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கும் ஐந்தாவதுக்கும் நான் சொல்கிறேன்.

கடல் எப்போதும் முதலில் உள்வாங்கும் என்பது பாதி உண்மை. சுமத்ரா அருகே பூமித் தட்டு நழுவியபோது மேற்குப் பக்கக் கடலடி மேலே எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே தாய்லாந்துக்கு முதலில் போனது பள்ளம். அங்கே கடல் பின்வாங்கி, மீன்கள் துள்ள, சுற்றுலாப் பயணிகள் இறங்கி நடந்தார்கள். மேற்கே இலங்கைக்கும் தமிழகத்துக்கும் முதலில் வந்தது முகடு. பல ஊர்களில் முதல் தண்ணீர் சிறிதாக வந்து போனது, அதன்பின் கடல் நன்றாக உள்வாங்கியது, பிறகு வந்ததுதான் பெரியது. உங்கள் கதை நாகையில் நடப்பதால் இந்த வரிசையில் எழுதுங்கள்: முழங்கால் அளவுத் தண்ணீர் தெருவுக்குள் வருகிறது, வடிகிறது, "போயிருச்சு" என்று ஆட்கள் கரைக்கே திரும்பிப் படகையும் வலையையும் பார்க்கப் போகிறார்கள். உயிரிழப்பு கூடுவது இந்த இடைவெளியில்தான்.

இலங்கையில் தென்மேற்குக் கரையில் பெரலியாவில் நடந்தது இதற்குக் கொடிய சான்று. முதல் அலையில் ரயில் நின்றுவிட்டது. பெட்டிகள் கனமானவை, பாதுகாப்பு என்று நம்பி ஊர்மக்களும் அதில் ஏறினார்கள், சிலர் அதன் மறைவில் நின்றார்கள். அடுத்து வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த ஒரே இடத்தில் இறந்தார்கள். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்தின்போது கலிஃபோர்னியாவின் கிரெசன்ட் சிட்டியிலும் நான்காவது அலைதான் பெரியது. முதல் அலைகள் ஓய்ந்ததென்று நகருக்குள் திரும்பியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சினிமாவில் ஒரே அலை, அத்தோடு முடிந்தது. நிஜத்தில் ஏழெட்டு மணி நேரம் கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

உள்வாங்குவதும் திரையில் காட்டுவதுபோல் ஐந்து வினாடியில் உறிஞ்சி இழுப்பதாக இருக்காது. சில நிமிடங்கள் எடுக்கும், சத்தமில்லாமல் நடக்கும். அந்தச் சில நிமிடம்தான் கையில் இருக்கும் அவகாசம். சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே தீவில் 1907 இல் வந்த சுனாமியை "ஸ்மோங்" என்ற பெயரில் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு. 2004 இல் நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே இருந்த, ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

நாகையில் இருந்தவர்களுக்கு அந்தக் குறிப்பும் இல்லை. நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6:29 க்கு. நாகைக் கரையில் தண்ணீர் ஏறியது 9 மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம். இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. ஹவாயில் இருந்த பசிபிக் மையத்துக்குக்கூட முதலில் கிடைத்த அளவு 8.0 தான், உண்மை 9.1 என்று பின்னால்தான் தெரிந்தது. அதனால் படத்தில் "விஞ்ஞானிக்கு எல்லாம் தெரியும், அதிகாரி கேட்கவில்லை" என்ற வழக்கமான காட்சியை வைக்க வேண்டாம். அன்றைக்கு யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை என்பதுதான் நடந்தது.

படகுகள்: ஆழத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. 60 செ.மீ. உயர்வு பத்து இருபது நிமிடத்தில் ஏறி இறங்கினால் படகில் இருப்பவர் எப்படி உணர்வார்? நடுக்கடலில் கப்பலைச் சுனாமி கவிழ்ப்பதாக வரும் படங்கள் எல்லாமே தவறு. 1896 இல் ஜப்பானின் சான்ரிகு கரையில் இரவு மீன்பிடித்துவிட்டுக் காலையில் திரும்பிய மீனவர்கள், ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணாமல் நின்றார்கள். கடலில் அவர்களுக்கு எந்த அறிகுறியும் கிடைக்கவில்லை. ஆபத்து ஆழம் குறைந்த இடத்தில். சுமார் 100 மீட்டர், நம் கணக்கில் 55 பாகம் தாண்டிவிட்டால் படகு பத்திரம். கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகும் துறைமுகத்தில் கட்டியிருந்த விசைப்படகும்தான் ஊருக்குள் பாய்ந்து வீடுகளை இடித்தன. உங்கள் கதையில் அப்பா கடலில், அம்மா மீன் எடுக்கக் கரையில் என்று இருந்தால் யார் பிழைப்பார் என்பதை இதை வைத்தே முடிவுசெய்யுங்கள்.

அது வெறும் கற்பனையும் இல்லை. ஆக்ஸ்ஃபாம் 2005 இல் வெளியிட்ட கணக்கில் கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் கடலுக்குள், பெண்கள் மீனை எதிர்பார்த்துக் கரையில். கையில் குழந்தை, காலைச் சுற்றும் சேலை, முள்ளில் மாட்டும் கூந்தல், நீச்சல் பழக்கமின்மை எல்லாம் சேர்ந்துகொண்டன. நாயகன் பாய்ந்து போய்க் காப்பாற்றும் படங்கள் இதைத் தொடுவதே இல்லை. நீங்களாவது தொடுங்கள்.

---

கம்பிகட்டி எழுதியது:

கட்டடங்கள் பற்றிக் கொஞ்சம். கேட்கவில்லை என்றாலும் செட் போடும்போது உதவும்.

வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் நேராக நிற்கும் சுவரைத் தள்ளும் விசை ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை டன். 3 மீட்டர் அகலச் சுவரில் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் மோதினால் 15 டன்னுக்கு மேல். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. அப்படியே பலகைபோல் உள்பக்கம் சாயும். ஆனால் கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் சரியாகக் கட்டிய வீட்டில் சுவர்கள் போய்ச் சட்டம் நிற்கும். இந்தோனேசியாவின் பண்டா அச்சே கரையில் சுற்றிலும் எல்லாம் தரைமட்டமாகிப் பள்ளிவாசல்கள் மட்டும் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். கீழ்த்தளம் தூண்களோடு திறந்திருந்ததால் தண்ணீர் ஊடே போய்விட்டது.

வானளாவிய கட்டடங்கள் வரிசையாகச் சரிவது சினிமா. கான்கிரீட் கட்டடம் விழும் விதம் வேறு. மூடிய அறைகளில் கூரைக்கடியில் காற்று மாட்டிக்கொள்ளும். ஒரு கன மீட்டர் காற்றுக்கு ஒரு டன் மேல்நோக்கிய தூக்குவிசை. நான்குக்கு நான்கு மீட்டர் அறையில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் காற்று நின்றால் 16 டன். 2011 இல் ஜப்பானின் ஒனகாவாவில் சில கான்கிரீட் கட்டடங்கள் அஸ்திவாரத்தோடு பிடுங்கிப் புரண்டது இப்படித்தான். இன்னொன்று மண் அரிப்பு. கட்டட மூலைகளில் தண்ணீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டும். திரும்பிப் போகும் தண்ணீரில் இது இன்னும் மோசம். அலை போனபின் வரும் காட்சியில் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குழியும் அதில் தேங்கிய உப்புத் தண்ணீரும் இருக்கட்டும்.

தென்னையைப் பிடுங்கி எறிய வேண்டாம். அதன் வழவழப்பான ஒற்றைத் தண்டைத் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். வீடுகள் போய், தென்னைகள் நிற்கும் காட்சிதான் உண்மை.

---

திரைக்குறிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. காட்சிப் படத்தை மாற்றி வரையச் சொல்லிவிட்டேன். ஒரு துணைக் கேள்வி: தயாரிப்பாளர் "சான் ஆண்ட்ரியாஸ்" (2015) படத்தைக் காட்டி இந்த அளவுக்கு வேண்டும் என்கிறார். அது முழுக்கத் தவறா? நல்லபடியாக எடுத்த படம் எது?

---

அலைநீளம் எழுதியது:

அந்தப் படத்தில் இரண்டு பிழைகள். முதலாவது, சான் ஆண்ட்ரியாஸ் பிளவு பெரும்பாலும் நிலத்தில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடைமட்டமாக நகரும் வகை. கடலடி மேலே எழும்பினால்தான் அதன்மேல் உள்ள தண்ணீர் மொத்தமாக எழும்பும். கிடைமட்டமாக நகர்ந்தால் பெரிய சுனாமி வராது. இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது: 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையிலும் ஆடியது, கரையோரம் மக்களை வெளியேற்றினார்கள். அது கிடைமட்ட வகை என்பதால் வந்த சுனாமி சுமத்ராக் கரையிலேயே ஒரு மீட்டர் அளவில் நின்றுவிட்டது. விதிவிலக்கு உண்டு. 2018 செப்டம்பர் 28 இல் இந்தோனேசியாவின் பாலு விரிகுடாவில் 7.5 அளவிலான கிடைமட்ட நிலநடுக்கமே சில நிமிடங்களில் கொடிய சுனாமியைக் கொண்டுவந்தது. குறுகிய விரிகுடா, கரையோரமும் கடலடியிலும் ஏற்பட்ட நிலச்சரிவுகள் இரண்டும் அதற்குக் காரணமாயின.

இரண்டாவது, நாயகன் படகில் செங்குத்தான அலை முகத்தில் ஏறிக் கடக்கும் காட்சி. அப்படி ஒரு சரிவு சுனாமிக்கு வராது என்பதை மேலே சொன்ன 12 கி.மீ. கணக்கே காட்டும்.

பிரம்மாண்ட உயரம் வேண்டுமென்றே தயாரிப்பாளர் நின்றால் நிலச்சரிவுச் சுனாமி ஒன்றுதான் வழி, அதற்குக் கதையின் இடத்தையே மாற்ற வேண்டும். 1958 இல் அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் மலைப்பாறை சரிந்து விழ, எதிர்க் கரையில் தண்ணீர் 524 மீட்டர் உயரம்வரை மரங்களை வழித்தெடுத்தது. அது பாறை தெறிக்கவைத்த தண்ணீர். விரிகுடாவைத் தாண்டியதும் வலுவிழந்துவிட்டது. நார்வேயில் எடுத்த "பொல்கன்" (2015) இந்த வகைதான். ஓகெர்னெஸ் மலைச்சரிவு உண்மையான ஆபத்து, கெய்ராங்கர் ஊருக்கு அலை வர சுமார் பத்து நிமிடம் என்பதும் ஆய்வாளர்கள் சொல்வதை ஒட்டியது. ஆனால் மலை இரவும் பகலும் கருவிகளால் கண்காணிக்கப்படுகிறது. சரிவு வேகமெடுப்பது முன்கூட்டியே தெரியும், ஊரைக் காலிசெய்வது அப்போதே நடக்கும் என்பதுதான் திட்டம். படத்துக்காக அதைப் பத்து நிமிடமாகச் சுருக்கினார்கள்.

கடலோரச் சுனாமிக்கு நான் காட்டுவது "தி இம்பாசிபிள்" (2012). தாய்லாந்தின் காவோ லாக் கரை. அலையின் உயரத்தைக் கொண்டாடாமல், தண்ணீருக்கு அடியில் மனித உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதில் காமிராவை வைத்தார்கள். பழுப்புத் தண்ணீர், மரக்கிளை, கம்பி, மெத்தை, மறுபடியும் ஓர் அலை. பெரும்பகுதியை ஸ்பெயினின் அலிகாந்தேயில் ஒரு பெரிய தொட்டியில் நடிகர்களை வைத்தே எடுத்தார்கள். தயாரிப்பாளருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

மூன்றாவது கேள்வி விட்டுப்போனது. பண்டா அச்சேயில் கடலிலிருந்து சுமார் 3 கி.மீ. உள்ளே எடுத்த வீடியோக்களை அளந்து பார்த்ததில் தண்ணீரின் வேகம் வினாடிக்கு 2 முதல் 5 மீட்டர், அதாவது மணிக்கு 7 முதல் 18 கி.மீ. கரையருகே இன்னும் அதிகம். மணலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவரால் அதை ஜெயிக்க முடியாது. தண்ணீர் நேராக மட்டும் வருவதும் இல்லை. ஆற்று வாய் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு முன்னாலும் வரும். தப்பியவர்கள் முன்னரே ஓடத் தொடங்கியவர்கள், அல்லது மாடிக்கு ஏறியவர்கள். உங்கள் பாத்திரம் ஓட வேண்டிய திசை மேற்கு, அல்லது இரண்டாவது மாடிக்கு மேல். வண்டியில் ஏறுவது நெரிசலில் முடியும். அரை மீட்டருக்கு மேல் தண்ணீர் வந்தாலே கார் மிதக்கத் தொடங்கிவிடும்.

---

முதலுதவி எழுதியது:

நான்காவது கேள்விக்கு.

முழங்கால் அளவுத் தண்ணீர் வினாடிக்கு 3 மீட்டரில் ஓடினால் இரண்டு கால்களின்மேலும் விழும் தள்ளல் 50 கிலோவுக்கு மேல். வளர்ந்த ஆளும் விழுவார். ஜப்பான் அரசு போடும் சேதக் கணக்கில் 30 செ.மீ. ஆழத்திலிருந்தே உயிரிழப்பு தொடங்குகிறது. ஒரு மீட்டரில் சிக்கியவர் ஏறக்குறைய எல்லோரும் இறப்பார்கள் என்றே வைத்துக்கொள்கிறார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நாயகன் நடந்து வசனம் பேசும் காட்சியை நீக்கிவிடுங்கள்.

நீந்தத் தெரிந்தாலும் பெரிய பயனில்லை. ஓடு, தகரம், ஆணி அடித்த பலகை, உடைந்த படகு, சிலிண்டர் எல்லாம் சேர்ந்து சுழலும் தண்ணீர் அது. 2011 இல் ஜப்பானில் இறந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூழ்கியே இறந்தார்கள். பிழைத்தவர்களிடம் பார்ப்பது: தோலுரிந்த சிராய்ப்பு, காலில் ஆழமான வெட்டு, கிழிந்த உடை, வாயிலும் காதிலும் மணல். நெற்றியில் ஒரு கோடு ரத்தத்தோடு அழகாக எழுந்து நிற்பவர்கள் சினிமாவில் மட்டுமே.

படத்தில் மருத்துவ முகாம் வருமானால் இரண்டு விஷயம். சேற்றுத் தண்ணீரில் பட்ட வெட்டை உடனே தைத்து மூடக் கூடாது. தாய்லாந்தில் அப்படி மூடிய பல காயங்கள் சீழ் பிடித்து மறுபடி திறக்க வேண்டியிருந்தது. சுத்தமான தண்ணீரால் நிறையக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுத்து, ஈரக் கட்டுப் போட்டுத் திறந்தே வைத்து, சில நாள் கழித்துத்தான் தைப்பார்கள். கூடவே டெட்டனஸ் ஊசி. அடுத்தது நுரையீரல். சேறும் உப்புத் தண்ணீரும் மூச்சுக் குழாயில் போனவருக்கு அன்று இருமல் மட்டும் இருக்கும். நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துக் கடும் நிமோனியா வரும். "பிழைத்துவிட்டார்" என்று எழுதிய பாத்திரத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஒரு காட்சி இருக்கலாம்.

திரும்பிப் போகும் தண்ணீரையும் காட்டுங்கள். வரும்போது பிழைத்தவர்களில் பலரைக் கடலுக்குள் கொண்டுபோனது அதுதான். தரை கடலை நோக்கிச் சரிவதால் பள்ளமான வாய்க்கால்களில் போகிற வேகம் வந்ததைவிட அதிகமாகவே இருக்கும். பேரிடர்ப் படங்களில் இது அநேகமாக வருவதில்லை.

---

48பிரேம் எழுதியது:

ஆறாவது கேள்வி. எண்ணைச் சொல்லிவிடுகிறேன், பட்ஜெட்டை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

6 மீட்டர் அகலத் தெருவில் 40 செ.மீ. ஆழத்துக்கு வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் வினாடிக்கு 3,600 லிட்டர் வேண்டும். 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் சுமார் மூன்று வினாடியில் தீரும். அதனால் தெருவை விட்டுவிட்டு ஒரு குறுகிய சந்தில் எடுங்கள். 1.2 மீட்டர் அகலச் சந்து, 30 செ.மீ. ஆழம், வினாடிக்கு 1.2 மீட்டர் வேகம்: வினாடிக்குச் சுமார் 430 லிட்டர். ஒரு லாரிக்கு 27, 28 வினாடி கிடைக்கும். மூன்று லாரித் தண்ணீரை முன்கூட்டியே மேடான தொட்டியில் நிரப்பிப் பலகை மதகால் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றேகால் நிமிடம் ஓடும். லாரிக் குழாயிலிருந்து நேராக விட்டால் இந்த அளவு வராது, அதில் ஏமாற வேண்டாம். சந்தின் மறுமுனையில் பள்ளம் வெட்டித் தார்ப்பாய் விரித்துப் பிடித்தால் பம்பு போட்டு மறுபடி பயன்படுத்தலாம்.

உண்மைச் சேற்றைக் கலக்காதீர்கள். மேலே சொன்ன காய விவரம் நடிகர்களுக்கும் பொருந்தும். குளோரின் போட்ட தண்ணீரில் பெண்டோனைட் களிமண் தூள் கரைத்து, நிறத்துக்கு உணவுச் சாயம். மிதக்கும் குப்பைக்குத் தெர்மகோலை மரம்போல் வண்ணமடித்து விளிம்புகளைத் துணியால் சுற்றுங்கள். ஆணி, தகரம், கண்ணாடி எதுவும் உள்ளே கூடாது. சந்தின் கடைசியில் வலை கட்டி இருபக்கமும் இரண்டு நீச்சல்காரர்களை நிறுத்துங்கள். குழந்தை நடிகர்களை ஓடும் தண்ணீரில் இறக்க வேண்டாம். பொம்மையை வைத்து எடுத்து, முகத்தைத் தனியே நெருக்கத்தில் எடுத்துச் சேர்க்கலாம்.

சிறு மாதிரி வைத்து எடுப்பதானால் படப்பிடிப்பு வேகம் அளவின் வர்க்கமூலப்படி கூட வேண்டும். நான்கில் ஒரு பங்கு மாதிரிக்கு வழக்கமான 24 இன் இரு மடங்கு, அதாவது வினாடிக்கு 48 பிரேம். ஒன்பதில் ஒரு பங்குக்கு 72. நான்கில் ஒன்றைவிடச் சிறிதாக்கினால் எந்த வேகத்திலும் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் தண்ணீர்த் துளியின் அளவைச் சிறிதாக்க முடியாது. கணினி வரைகலையில் செய்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அலையின் முகத்தில் அளவுக்கு மீறி நுரையும் சாரலும் சேர்ப்பது. அடுத்தது, அலை வந்தவுடன் வெட்டிவிடுவது. ஒரே இடத்தில் காமிராவை வைத்து நான்கு நிமிடம் வெட்டாமல் விடுங்கள். முதல் நிமிடத்தில் வாசல் படி, இரண்டாவதில் சன்னல், மூன்றாவதில் கூரை ஓரம். முழுத் தெருவும் தெரியும் அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் வரைகலை போதும்.

ஒலிக்கும் இதே விதி. நீண்ட, ஏற்ற இறக்கமில்லாத உறுமலும் அதன்மேல் மரம் முறியும் சத்தமும். கடற்கரை அலைச் சத்தத்தைப் பதிவுசெய்து போட்டால் பொருந்தாது, அதில் பத்து வினாடிக்கு ஒரு இடைவெளி இருக்கிறது.

---

திரைக்குறிப்பு எழுதியது:

சந்துக் கணக்கு எங்களுக்குக் கைகொடுக்கும். கடைசியாக ஒன்று: முடிவில் இன்றைய காலத்தில் ஒரு காட்சி வைக்கலாமா என்று பேச்சு. அதில் சைரன் ஒலிக்கிறது. எத்தனை நிமிடம் கழித்து அலை வரலாம்?

---

வங்கக்கரை எழுதியது:

நிலநடுக்கம் எங்கே என்பதைப் பொறுத்தது. சுமத்ரா என்றால் நாகைக்கு அதே இரண்டரை மணி நேரம். அந்தமான் பக்கம் என்றால் இன்னும் குறையும். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற அரசுக் கடல் தகவல் நிறுவனத்தில் 2007 அக்டோபரிலிருந்து எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கமானிகளிலிருந்து இடமும் அளவும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். முன்பே கணினியில் போட்டு வைத்த கணக்குகளிலிருந்து எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு என்று எடுத்து முதல் அறிவிப்பு போகும். பிறகு கடலடி அழுத்தமானிகள் உறுதிசெய்யும். படங்களில் மிதவை துள்ளிக் குதித்து மணி அடிப்பதைக் காட்டுவார்கள். நிஜத்தில் மிதவை வெறும் அஞ்சல்காரர். ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், தரையில் கிடக்கும் கருவிதான் ஓரிரு செ.மீ. நீர்மட்ட மாற்றத்தைக்கூட அழுத்தத்தால் அளந்து ஒலி அலையாக மேலே அனுப்புகிறது, மிதவை அதைச் செயற்கைக்கோளுக்குத் தள்ளுகிறது.

ஆக சைரன் ஒலித்த அடுத்த ஷாட்டில் அலை வரக் கூடாது. நடுவே கிழவியைக் கட்டிலோடு தூக்குவது, மாட்டை அவிழ்ப்பது, ரேஷன் கார்டைத் தேடுவது, பல்நோக்குப் பாதுகாப்பு மையத்துக்கு நடப்பது எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. அறிவிப்பில் ஒரே ஒரு உயர எண்ணைச் சொல்லவைக்காதீர்கள். 2011 இல் ஜப்பானின் முதல் அறிவிப்பு இவாத்தே கரைக்கு 3 மீட்டர் என்றது. அங்கே தாரோ ஊரைச் சுற்றியிருந்த சுவர் 10 மீட்டர். அந்த எண்ணை நம்பி நின்றவர்கள் உண்டு. கடல் சுவரைத் தாண்டி வந்தது. அதன்பிறகு, மிகப் பெரிய நிலநடுக்கமென்றால் முதல் அறிவிப்பில் எண்ணே சொல்லாமல் "மிகப் பெரியது" என்று மட்டும் சொல்ல ஜப்பான் மாறிவிட்டது. உங்கள் ஒலிபெருக்கிக் குரலும் "கரையை விட்டுப் போங்க, சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க" என்பதோடு நிற்கட்டும். திரும்பலாம் என்ற அறிவிப்பு வரப் பல மணி நேரம் ஆகும், அதனால் அந்தக் காட்சியை இரவில் வைத்துக்கொள்ளுங்கள்.